பச்சை வாளிக்கு ஓர் இடம்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மூச்சு விடும். தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் விடுகிற மூச்சு மாதிரி, ஸ்ஸ்ஸ் என்று. அந்தச் சத்தம் கேட்டால்தான் தாராவியில் எங்கள் சந்துக்கு விடியும். வானம் வெளுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அன்றைக்கு அதற்கும் முன்னால் வேறு சத்தம் கேட்டது. தரையில் பிளாஸ்டிக் இழுபடுகிற சத்தம். தகரத்தில் தகரம் இடிக்கிற சத்தம். நான் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். அவர்தான் அண்டாவை நகர்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்த நேரத்தில் இதெல்லாம் எனக்கு நினைப்பு இருக்காது.

"யாத்தே! எவ அவ, என் டிரம்மத் தொட்டது?"

எதிர்வீட்டு முத்துமாரி போட்ட கூப்பாட்டில்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

போட்டோவுக்கு நின்ற பாத்திரங்கள்

வெளியே வந்து பார்த்தேன். முந்தின நாளே குழாயடியில் வரிசையாக வைத்திருந்த முப்பத்தோரு பாத்திரமும் சுவரோரம் போயிருந்தன. பெரிய டிரம்மெல்லாம் பின்னால். குடங்கள் நடுவில். பெயின்ட் டப்பாவும் எண்ணெய் டின்னும் முன்னால். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்க வைத்த மாதிரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நடுவில் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிவேதா நின்றாள்.

"வழிய அடைச்சுட்டு இருந்துச்சுங்க பெரியம்மா. பாவ் விக்கிற அண்ணன் சைக்கிளோட நின்னுட்டு பெல் அடிச்சாரு. அதான் எல்லாத்தையும் ஓரமா எடுத்து வச்சேன்."

பாவ்காரர் தினமும் அங்கேதான் நிற்பார். அவர் பெல் அடிப்பது பாவ் ரொட்டி வாங்க வாருங்கள் என்பதற்கு. வழி விடச் சொல்லி இல்லை.

எங்கள் சந்தில் பாத்திரம் என்றால் ஆள். முத்துமாரியின் டிரம் மூன்றாவதாக இருந்தால் முத்துமாரி மூன்றாவதாக நிற்கிறாள் என்று அர்த்தம். அவள் வீட்டுக்குள் படுத்திருக்கலாம், ஊருக்கே போயிருக்கலாம். டிரம் நிற்கிறதா, அவள் நிற்கிறாள். பாத்திரத்தை நகர்த்துவது ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுதான். ஒரே ராத்திரி தங்கிய பெண் முப்பத்தோரு பேரையும் தள்ளிவிட்டாள்.

யார் முன்னால், யார் பின்னால் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. ஒவ்வொருத்தியும் தன்னை இரண்டு இடம் முன்னால் வைத்தே மனப்பாடம் செய்திருக்கிறாள்.

சண்டை அரை மணி நேரம் நடந்தது. எங்களுக்குத் தண்ணீரே ஒன்றரை மணி நேரம்தான். யாரோ ரப்பர் குழாயை ஒரு டிரம்மில் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாள். அது நிரம்பி வழிந்து சாக்கடைக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை. கடைசி ஐந்தாறு பேருக்குச் சொட்டுக்கூட இல்லை.

முத்துமாரி இட்லி அவித்துத் தலையில் தூக்கிக்கொண்டு மாதுங்கா வரைக்கும் போய் விற்கிறவள். அவளுக்குப் பாதி டிரம்தான் கிடைத்தது. பாதி மாவு சட்டியிலேயே கிடந்து புளித்தது.

"யக்கா, உங்க வீட்டு விருந்தாளிய உங்க வீட்டுக்குள்ளேயே வச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

முழுச் சந்தும் சேர்ந்து சாத்தின கதவு அது.

அப்ரண்டிஸ்

நிவேதா சேலத்துப் பெண். ஊர்களை எப்படிக் கட்டுவது என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். அதைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாசம் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலை பழக அனுப்பியிருந்தார்கள். எங்கள் கோயில் பாஸ்டர் அம்மாவுக்கு யாரோ தெரிந்தவர்கள் சொல்லி, அவர் என்னிடம் கேட்டார். முந்தின நாள் சாயங்காலம்தான் குர்லாவில் ரயிலைவிட்டு இறங்கி, ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"வாளிய எதுக்குட்டி அங்கேயிருந்து தூக்கிட்டு வந்த? பம்பாயில வாளி கிடைக்காதா?"

"அம்மா குடுத்து விட்டாங்க. புது ஊர்ல மொத நாளே வாளிக்கு அலைய முடியாதுன்னாங்க."

"வேலை என்ன வேலை?"

"இன்டர்ன்ங்க பெரியம்மா."

"அப்படின்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேலை முழுசுங்க, மத்ததெல்லாம் பாதி."

"அப்ரண்டிஸ்னு சொல்லு."

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற இடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்தான். அந்த வார்த்தையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு உப்பும் பச்சைத் தோலும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். நாற்றம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன்.

அவளுக்குக் கொடுத்திருந்த வேலை இது. எங்கள் பக்கத்து மூன்று சந்துகளில் ஒரு குழாய்க்கு எத்தனை குடும்பம், குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தலை எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் சந்துக்கு இன்னொரு குழாய் கொடுப்பதைப் பற்றிப் பேசுவார்களாம். தமிழ் தெரிந்த பெண் என்பதால் அவளை இங்கே போட்டிருந்தார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள லிஸ்ட் வரணும்னு சாகேப் சொல்லிட்டாருங்க. வரலைன்னா சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடமாட்டாராம். படிப்பே முடியாது."

அவள் சொன்ன மாசத்தில் இருபத்தாறு நாள் பாக்கி இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை

காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அந்த நேரத்தில் எங்கள் சந்தில் யார் இருப்பார்கள்? தையலுக்குப் போனவள் தையலுக்கு, வீட்டு வேலைக்குப் போனவள் செம்பூருக்கு. பூட்டிய கதவைப் பார்த்து 'பூட்டி இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு வருவாள்.

சாயங்காலம் போனாலும் அதே கதைதான். உள்ளே டிவி ஓடும். குக்கர் விசில் அடிக்கும். கதவைத் தட்டினால் குரல் வரும்.

"வீட்டுல யாரும் இல்ல!"

"நீங்க பேசுறீங்களேங்க அக்கா?"

"நானும் இல்ல!"

அது முத்துமாரி. நான் என் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. நிவேதாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

குழாயடியில் எல்லோரும் இருப்பார்கள், அங்கே போய்க் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளும் நினைத்தாள். மறுநாள் பேப்பரோடு போய் நின்றாள். பாத்திரம் இல்லாமல் குழாயடியில் நிற்கிறவளை எங்கள் பக்கம் நம்பமாட்டார்கள். ஒன்று வேவு பார்க்க வந்தவள், இல்லை அடுத்தவள் முறையைத் திருட வந்தவள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"பெரியம்மா, என் வாளியையும் லைன்ல வைக்கலாங்களா?"

"கடைசில கொண்டு வை," என்றேன்.

வைத்தாள். முப்பத்திரண்டாவது. அவளுக்கு முன்னால் மும்தாஜ். சந்துக்குக் கடைசியாக வந்து குடியேறியதால் கடைசி இடம் அவளுக்கு. ஒன்பது பேர் உள்ள வீடு. முன்னால் நிற்கிறவர்கள் பிடித்துக்கொண்டு போனபின் தண்ணீர் நூலாக வரும்போதுதான் மும்தாஜின் முறை வரும். அதற்குள் மற்ற வீட்டுப் பெண்களெல்லாம் உள்ளே போயிருப்பார்கள். பச்சை வாளி தினமும் காலியாகத் திரும்பும்.

பத்து நாளில் நிவேதா வாங்கியது ஒரே வீட்டுக் கணக்கு. மும்தாஜ் வீட்டுக் கணக்கு.

இரண்டாவது இடம்

குழாய் என் பெயரில் இருக்கிறது. அதனால் முதல் இடம் என் நீல டிரம்முக்கு. இதை யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை. நானும் அவருமாக எத்தனை ஆபீஸ் படி ஏறினோம் என்பதைச் சில வாரங்களுக்கு முன்னால் இதே பத்தியில் சொல்லியிருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்புதான். ஆனால் ஒரு காகிதத்திலும் கைநாட்டு வைத்ததில்லை. எழுத்துக் கூட்டி, புஷ்பம் என்று என் பெயரை நானே போட்டேன்.

இரண்டாவது இடம் அவருடைய அலுமினிய அண்டாவுக்கு.

அந்த அண்டா எனக்கு முன்னால் பம்பாய்க்கு வந்தது. கல்யாணமாகி நான் வந்து இறங்கிய மறுநாள், இருட்டோடு என்னை எழுப்பி, அப்போது தெருமுனையில் இருந்த பொதுக் குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்டாவை வரிசையில் வைத்தார். "இதுதான் நீ. இது நிக்கித வரைக்கும் ஒன்னைய யாரும் போன்னு சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு பாஷையும் தெரியாது. சுற்றிலும் என்னென்னவோ பேசினார்கள். நான் அந்த அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். குளிர்ந்து இருந்தது. அந்தக் குளிர்ச்சி இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

சொந்தக் குழாய் வந்தபின் எங்களுக்கு ஒரு முறை உண்டானது. முதல் இடத்துக்காரி ரப்பர் குழாயைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது இடத்துக்காரர் கடைசிவரை நின்று கூப்பிட வேண்டும். நம்பர், பெயர், வீட்டில் எத்தனை பேர். ஆளுக்குத் தக்க தண்ணீர். சும்மா நம்பரை மட்டும் சொன்னால் இரண்டு பேர் வீடும் எட்டுப் பேர் வீடும் ஒன்றாகிவிடும் அல்லவா?

அவர் குரல் கணீரென்று இருக்கும். "ஒண்ணும் ரெண்டும் நம்ம வீடு! மூணு! முத்துமாரி, ஆறு பேரு!" சந்து முழுக்க அந்தக் குரலில்தான் எழுந்திருக்கும்.

அவர் போனபின் நானே பிடித்து, நானே கூப்பிட்டேன். அண்டாவையும் எடுக்கவில்லை. என் ஒருத்திக்கு டிரம் தண்ணீரே மிச்சம். அண்டாத் தண்ணீரில் பாதியைச் சாயங்காலம் குளிக்கிற மூலையில், மோரியில் கொட்டுவேன். யாரும் கேட்டதில்லை. கேட்டுப்பார்க்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. குழாய் மூச்சு விடுகிற நேரம், வெளிச்சமும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் இருக்கும்போது, அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். பனியனோடு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் நேராகப் பார்க்கமாட்டேன். ஓரக்கண்ணில் அவர் அங்கே இருந்தால் எனக்குப் போதும்.

நிவேதா வந்தது முதல் அண்டாத் தண்ணீரில்தான் குளித்தாள், துவைத்தாள். ஆனால் அந்த இடம் அவருடையது. அதை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. தோன்றியது, தள்ளிவிட்டேன் என்று சொன்னால்தான் உண்மை.

எத்தனை பேர்

மாசம் முடிய எட்டு நாள் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. நிவேதா வேலைக்குப் போகவில்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் பேசுவதே கேட்காது. அவள் தரையில் உட்கார்ந்து, அந்த வெற்றுப் படிவங்களை எடுத்து அடுக்கினாள். கலைத்தாள். மறுபடி அடுக்கினாள்.

"பெரியம்மா, உங்க வீட்டையாவது எழுதிக்கட்டுங்களா? ரெண்டாச்சுன்னு இருக்கும்."

"எழுது."

பெயர் கேட்டாள். சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டாள். சொன்னேன்.

"வீட்டுல எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேரு."

அவள் எழுதாமல் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்க்கவில்லை.

"ஐயோ, என்னையும் சேர்த்துச் சொல்றீங்களா பெரியம்மா? ஆறு மாசம் தங்குறவங்க கணக்குல வரமாட்டாங்க. நீங்க சொன்னதே எனக்குப் போதுங்க."

நான் அவளைச் சேர்க்கவில்லை. பதினெட்டு நாளாக என் பக்கத்தில் படுத்து, என் கையால் சாப்பிட்டு, என் கால்வலிக்குத் தைலம் தேய்த்த பெண்ணை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

அவள் 'ஒன்று' என்று எழுதிப் படிவத்தை என் பக்கம் நீட்டினாள். ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்க மகன்தான் முலுண்டில் இருந்து வந்து போனான். நான் போகவில்லை. அந்த ஒன்றுக்கு நேராகக் கையெழுத்துப் போட எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. எழுத்துக் கூட்டுகிறேன் என்று நினைத்து அவள் காத்திருந்தாள்.

கூப்பிடுகிற குரல்

மறுநாள் மழை விட்டிருந்தது. சந்து முழுக்க ஈர வெளிச்சம். எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய் அண்டாவை எடுத்தேன். பதினோரு வருஷத்தில் அது நின்ற தரையில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் பச்சை வாளியை வைத்தேன். வாளி சின்னது. வட்டம் சுற்றிலும் தெரிந்தது.

முத்துமாரிதான் முதலில் பார்த்தாள். குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, மாமா எங்க?"

"வீட்டுக்குள்ள இருக்காவ. இத்தன வருசம் நின்னது போதும்."

"அப்போ இது?"

"இது நம்ம வீடு. இனிமே அவதான் கூப்பிடுவா."

"இவளா? ஊரையே தள்ளிவிட்டவளையா கூப்பிடச் சொல்லுதிய?"

"யார் யார் எங்க நிக்கிதான்னு இவளுக்குத்தாம்ட்டி நல்லாத் தெரியும். எல்லாத்தையும் தூக்கிப் பாத்தவ."

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். முத்துமாரி சிரிக்கவில்லை. ஆனால் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை.

நிவேதாவிடம் நான் எதுவும் விளக்கவில்லை. அவள் பத்து நாள் வரிசைக் கடைசியில் நின்று நான் கூப்பிட்டதைக் கேட்டவள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். குழாய் மூச்சு விட்டது.

"ஒண்ணும் ரெண்டும் நம்ம வீடு!" நிவேதா கூப்பிட்டாள். "மூணு! முத்துமாரி அக்கா! ஆறு பேருங்க!"

"ஆறா? எந்தக் காலத்துக் கணக்கு? மூத்தவ புருசன் வீட்டுக்குப் போயிட்டா, மாமியா வந்திருக்கா, சின்னவனுக்குப் பொண்டாட்டி வந்திருக்கா. ஏழு!"

"ஏழுங்களா? மாமியார் பேரு என்னங்க அக்கா?"

"எதுக்கு, அதுக்கும் ஒரு குடம் தரப்போறியா?"

சொன்னாள். பெயரும் சொன்னாள், வயதும் சொன்னாள். மாமியாரைப் பற்றிக் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

அப்புறம் வரிசை முழுக்க அதுதான். நான் கூப்பிட்டதெல்லாம் பழைய கணக்கு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் அஞ்சு என்று வைத்திருந்த வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். என்னைத் திருத்தத் தயங்கிய ஒவ்வொருத்தியும் தன் முறை வந்ததும் அவளைத் திருத்தினாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே கத்தினார்கள். "எங்க வீட்ல ஆறு!" "அய்ய, கைப்பிள்ளைய விட்டுட்டியே!" நிவேதா ஒரு கையில் பேப்பரும் ஒரு கையில் பேனாவுமாக, மறுபடி பிடித்த தூறலில் நனைந்துகொண்டே நின்றாள். பேப்பர் நனைந்துவிடும் என்று முத்துமாரியே தன் இட்லிக்கூடை பிளாஸ்டிக்கை எடுத்து அவள் தலைக்கு மேலே பிடித்தாள். பிடித்துக்கொண்டே, "பாவ்காரன் வாரான், ஓடிப்போய் வழி விடு," என்றாள்.

பேச்சு பக்கத்துச் சந்துகளுக்கும் பரவி, அந்த வாரமே மூன்று சந்துக் கணக்கும் முடிந்தது. சாயங்காலம் கையெழுத்துக்குப் போனபோது எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். சாகேப் கையெழுத்துப் போட்டார். குழாய் விஷயம் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது.

நாக்பூரில் இருந்து

ஆறு மாசமும் முழுசாக இருந்துவிட்டுத்தான் நிவேதா போனாள். வாளியை எனக்கு விட்டுப்போகிறேன் என்றாள். வேண்டாம், புது ஊருக்குப் போகிறவள் கையில் வாளி இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இரண்டாவது இடம் காலியாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்டா வருமா என்று பார்த்தார்கள். எனக்கும் கை அண்டாவின் காது வரைக்கும் போனது, பொய் சொல்லமாட்டேன்.

கடைசியில் நின்ற மும்தாஜின் டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த வட்டத்தில் வைத்தேன். வட்டத்தை மறைத்து உட்கார்ந்தது. கூப்பிடுகிற வேலை வேண்டாம் என்றாள் மும்தாஜ், அவளுக்கு வெட்கம். அது மறுபடி என்னிடம் வந்தது.

போன மாசம் ஒருநாள் விடியற்காலையில் போன் அடித்தது. நிவேதாவுக்கு நாக்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. போய் இரண்டே நாள்.

"பெரியம்மா, எந்திரிச்சுட்டீங்களா? இங்க நான் இருக்கிற தெருவுல வரிசையா குடம் வச்சிருக்காங்க."

எனக்குத் திக்கென்றது. "எதையாவது தொட்டியாட்டி?"

"இல்லைங்க. என் வாளியக் கொண்டுபோய்க் கடைசில வச்சுட்டு நிக்கிறேன்."

"யாராவது பேசினாளா?"

"இன்னும் இல்லைங்க."

"பேசுவா. நீ நில்லு."

குழாய் மூச்சு விட்டது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ரப்பர் குழாயை எடுத்தேன். வெளிச்சம் இன்னும் வரவில்லை. ஓரக்கண்ணில் யாரும் நிற்கவில்லை, மும்தாஜ்தான் நின்றாள்.

"ஒண்ணு!" என்றேன். "புஷ்பம், ஒரு ஆளு. ரெண்டு! மும்தாஜ், ஒம்பது பேரு!"